நிலுவை

தானமாய் வந்த மாட்டின்
பல்லைப் பிடித்துப் பதம் பார்க்கக் கூடாதாம்.
எனக்கு அதுதான் வேலை.
சம்பளமில்லாத வேலை, இரவு பத்துக்கு மேல்,
பிரெஸ்ட் துறைமுகத்து மழை
ஜன்னலில் சாய்வாக அடிக்கும்போது.

இந்த முறை வந்தது ‘மாரே’.
ஓதம் கணிக்கும் நிரல்.
தண்ணீர் எப்போது ஏறும், எவ்வளவு ஏறும்,
சிப்பி வளர்ப்பவன் எத்தனை மணிக்குள்
சேற்றுக் காலோடு கரை திரும்ப வேண்டும்,
எல்லாம் இரண்டாயிரத்துச் சொச்சம் வரிகளில்.
எழுதியவர் குல்வென் ல மோவால்,
கலங்கரை விளக்குப் பராமரிப்பில் இருந்தவர்.
முதல் முயற்சியிலேயே தொகுந்தது.
ஓர் எச்சரிக்கைகூட இல்லை.
இப்படி ஒன்றைப் பார்த்தால்
சாப்பிடாததுகூட எனக்கு மறந்துபோகும்.

உரிமம் என்று ஒரு கோப்பைத் தேடினேன்.
இல்லை.
முதல் கோப்பின் தலையில் மட்டும்
‘எடுத்துக்கொள்ளுங்கள்.
நல்லதற்குப் பயன்படுத்துங்கள்.’

நல்லதற்கு.
என் ஜன்னலிலிருந்து சிப்பிப் படகும் தெரியும்,
கடற்படையின் சாம்பல் கப்பலும் தெரியும்.
இரண்டையும் ஒரே தண்ணீர்தான் தூக்குகிறது.
எது நல்லது என்று குல்வென் சொல்லவில்லை.
சொல்ல எனக்கு அதிகாரமில்லை.
அவர் சொல்லியிருந்தாலோ
அது கட்டற்றதே இல்லை.

பதினோராம் கோப்பில் இன்னொரு குறிப்பு:
‘யானிக் கொடுத்தது. விற்காதீர்கள்.’
எதை விற்கக் கூடாது,
அந்த ஒரு கோப்பையா, மொத்தத்தையுமா?
யார் யானிக்?
இந்த ஊர் மதுக்கடையில் யானிக் என்று கூப்பிட்டால்
பாதி மேசை திரும்பிப் பார்க்கும்.

ஒன்றும் எழுதாமல் விட்டால்
எல்லாருக்கும் சொந்தம் என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள்.
சட்டம் நேர்மாறாக நினைக்கிறது.
அதன் கணக்கில்
வாய் திறக்காதவன் கதவைச் சாத்தியவன்.

மின்னஞ்சல் போன வேகத்தில் திரும்பி வந்தது.
பழைய முகவரிக்குத் தபால் போட்டேன்.
மகள் ரோசென் பதில் எழுதினாள்,
கூடவே ஒரு டப்பா வெண்ணெய் பிஸ்கட்.
‘அப்பா போய் மூன்று குளிர்காலம் ஆகிறது.
அவர் எதையும் பூட்டியதில்லை, சைக்கிளைக்கூட.
தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள்.’

பிஸ்கட்டைத் தின்றுகொண்டே
இன்னொரு கடிதம் எழுதினேன்.
தாராளம் போதாது, அம்மணி.
உரிமத்தின் பெயர், ஆண்டு, கையெழுத்து.
எனக்கே கூச்சமாக இருந்தது,
விருந்துக்கு அழைத்தவளிடம்
வீட்டுப் பத்திரம் கேட்பதுபோல.

வாரிசு இருவராம்.
தம்பி மெரியாதெக் நான்ட் நகரத்தில்.
படகை விற்ற நாளிலிருந்து பேச்சுவார்த்தை இல்லை.
அவனுக்கும் எழுதினேன்.
ஒரே வரியில் பதில்: ‘என்ன விலை?’
விலையே இல்லை என்றேன்.
அப்போதுதான் அவனுக்குச் சந்தேகம் வந்தது.
விலையில்லாததற்கா ஒருத்தி
தபால் தலை ஒட்டிக் கடிதம் எழுதுவாள்?
வக்கீலைப் பார்க்கப் போகிறானாம்.

‘மாரே’ வரிசையில் கிடக்கிறது,
நிலுவை என்ற பெயரில்,
ஒரு பிழையும் செய்யாமல்.

புதிதாக எழுதலாம். நான் எழுத முடியாது,
நான் படித்துவிட்டேன்.
படித்த கை படித்ததைத்தான் எழுதும்.
ஆகவே மொன்டெவிடியோவில் இருக்கும் எலாடியோவுக்கு,
அந்த நிரலைத் திறந்தே பார்க்காதவனுக்கு,
இரவுகளில் கடலைச் சொல்கிறேன்.
குல்வென் அதைக் கணக்கிட்ட விதத்தை அல்ல,
தண்ணீர் செய்வதை மட்டும்.
ஏற ஆறு மணி நேரமும் கொஞ்சமும்.
பெரிய ஓதம் அமாவாசையன்று இல்லை,
ஒன்றரை நாள் கழித்து.
குல்வெனின் அழகான ஒரு வரி
நாக்கு நுனிவரை வருகிறது.
விழுங்கிக்கொள்கிறேன்.

நேற்று எலாடியோ கேட்டான்,
முதல் கோப்பின் தலையில் என்ன போட?
உரிமத்தைப் போடு, முழுசாக.
அதற்குக் கீழே?
டப்பாவில் இரண்டு பிஸ்கட் மிச்சமிருந்தது.
அந்த மனுஷனின் ஒற்றைச் சொல்லையாவது
வைக்கச் சொல்லலாம் என்றிருந்தது.
ஒன்றும் வேண்டாம் என்றேன்.